வாலில் மஞ்சள் ஓரம்

என் அக்கா வீட்டுக்காரரை வேலை செய்கிற இடத்தில் எல்லோரும் நீராவி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரிகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கிற பெரிய சலவைக்கூடம் அது. அவர் அங்கே பாய்லர் பார்க்கிறவர். நான் அதே இடத்தில் போர்வை மடித்து அடுக்குகிறவள். வெளியே குளிர் நடுக்கினாலும் அவர் அறைக்குள் போனால் முகத்தில் அனல் அடிக்கும். குழாய்களெல்லாம் துணி சுற்றிக் கட்டியிருக்கும். நடுவில் ஒரு கண்ணாடிக் குழல், அதில் தண்ணீர் மட்டம் தெரியும். அந்த மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அவர் வேலை. பேச்சு ரொம்பக் குறைவு. பக்கத்தில் நின்றவர் எப்போது நகர்ந்தார் என்று தெரியாது. அதனால் அந்தப் பெயர் அவருக்குப் பொருத்தம்தான்.

எனக்கு அவர் அத்தான். அக்காவும் அவரும் இருக்கிற வீட்டில்தான் முன்பக்கத்து அறையில் நானும் இருக்கிறேன். எனக்கென்று குடும்பம் அமையவில்லை. கடவுள் எனக்கு இந்த வீட்டை எழுதி வைத்திருந்தார் என்று நினைத்துக்கொள்வேன்.

பகலெல்லாம் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற மனிதர், வீட்டுக்கு வந்தால் தண்ணீரைச் சில்லென்று வைத்துக்கொண்டு அதற்குள் மீன் வளர்த்தார். சலவைக்கூடத்தில் இதை வைத்தே அவரைக் கிண்டல் செய்வார்கள். பிழியும் இயந்திரத்தில் இருக்கிறவள் ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள். “ஏண்ணே, ஊருக்கெல்லாம் கொதிக்கக் கொதிக்கத் தண்ணி குடுக்கறீங்க. உங்க வீட்டு மீன் என்ன பாவம் பண்ணிச்சு, அதுக்கு ஒரு சொம்பு வெந்நி கிடையாதா?” அத்தான் வாயில் இருந்ததை மென்று முடித்துவிட்டு, “அதுங்க துணி துவைக்கறதில்லையே” என்றார். அன்றைக்கு முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவர் சொன்ன நகைச்சுவை என்று எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

அந்த மீன்கள் அவர் பிடித்தவை அல்ல. அவர் மகன் பிடித்தவை.

அக்காவுக்கு ஒரே பிள்ளை. எதிலும் நிதானம். சாப்பிட உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான், குளிக்கப் போனால் வெளியே வரமாட்டான். நாங்கள் அவனை நத்தை என்று கூப்பிட்டோம். வளர்ந்து, தெருக்களில் தண்ணீர்க் குழாய் பதிக்கிற வேலைக்குப் போனான். அப்போதும் நத்தைதான். ஒரு முறை ஊருக்கு வெளியே செங்கல் சூளைக்குப் பின்னால் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினார்கள். அங்கே ஒரு ஊற்று இருந்தது. ஊற்றிலிருந்து ஒரு சின்ன ஓடை, ஒரு தாண்டு தாண்டினால் அக்கரை. அதில் இந்த மீன்கள் இருந்தன. சாப்பாட்டு டப்பாவைக் கழுவி, அதில் தண்ணீரோடு மொண்டு கொண்டுவந்தான்.

அக்கா அந்த டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது, வெறும் அழுக்குத் தண்ணீர்தானே என்று கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவ்வளவு மங்கலான மீன். பெண் மீன் விரலில் இரண்டு கணு நீளம், நனைந்த மணலின் நிறம். ஆண் மீன் அதில் பாதிகூட இருக்காது. அதன் உடம்பில் ஒரே ஒரு கருப்புப் புள்ளி. வாலின் மேல் ஓரத்தில் மட்டும், மயிரிழையால் தீட்டியதுபோல ஒரு மஞ்சள் கோடு. அதுவும் வெயில் சாய்வாக விழுந்தால்தான் தெரியும். கடையில் கப்பி என்று வண்ண வண்ணமாக விற்கிறார்களே, அதற்கு இது காட்டுச் சொந்தம் என்றான் நத்தை. இது முட்டை போடாது, குட்டி போடும் என்றும் சொன்னான். அக்கா நம்பவில்லை. அடுத்த மாதம் ஒரு பெண் மீன் கண்ணெதிரே இமைமயிர் அளவில் ஒவ்வொன்றாகக் குட்டி போட்டது. அதைப் பார்த்து அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அவன் பின்கட்டில் பழைய குளியல் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து போட்டான். இரண்டு சிமெண்ட் தொட்டி வைத்தான். கொல்லையில் குழி தோண்டி, ரப்பர் விரிப்பு போட்டு, தண்ணீர் நிரப்பிக் குட்டை ஆக்கினான். வீட்டுக்குள் கிழக்குச் சன்னலோரம் கண்ணாடித் தொட்டிகள். எதிலும் ஹீட்டர் கிடையாது. ஊற்றுத் தண்ணீரில் வளர்ந்தது, சூட்டில் வைத்தால் சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் செத்துப்போகும், குளிர் வந்தால் அது அடங்கிக் கிடக்கட்டும், அதுதான் அதற்கு ஆயுசு என்பான். அத்தான் அப்போதெல்லாம் வாசற்படியில் நின்று பார்த்ததோடு சரி.

ஒரு வாரக் காய்ச்சலில் நத்தை போய்விட்டான். அதைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டது என்றார்கள். அவனுக்கு அப்போது பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

அந்த வருடமே சூளைக்காரர் இடத்தை விற்றுவிட்டார். வாங்கியவர்கள் ஊற்றின் மேல் லாரி லாரியாக மண் கொட்டிச் சமன் செய்து கிடங்கு கட்டினார்கள். அத்தான் ஒரு விடுமுறை நாளில் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே என்னிடம் சொன்னார். “இனிமே நம்ம வீட்டுல இருக்கறதுதாம்மா மிச்சம்.”

அதற்குப் பிறகு அந்த மீன்கள் அவருடையவை ஆயின. மகன் எதை எதைச் செய்தானோ அதை அப்படியே செய்தார். வெயில் வந்ததும் தொட்டி மீன்களைக் குட்டைக்கு மாற்றுவார். குளிர் தொடங்குமுன் வலை போட்டுப் பாதியை உள்ளே எடுப்பார். ஒரு பக்கம் கெட்டால் இன்னொரு பக்கம் மிஞ்ச வேண்டுமே. முக்கியமாக இன்னொரு வேலை உண்டு. ஆண் மீன்கள் ஒரு குளிருக்கு மேல் தாங்குவது அபூர்வம். அதனால் கடைசியாகப் பிறக்கிற குஞ்சுகளை, தாய்மீன்கள் தின்றுவிடாமல் தனியே பிரித்து, சன்னலோரத்துச் சின்னத் தொட்டியில் பாசி போட்டு வளர்ப்பார். அடுத்த வருடத்து ஆண்கள் அதிலிருந்துதான் வரும். மஞ்சள் ஓரம் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கண்ணாடியைக் கழற்றி, மறுபடி போட்டு, குனிந்து, சாய்ந்து பார்ப்பார். விழுந்திருந்தால் அன்றைக்கு முகமே வேறு மாதிரி இருக்கும்.

அக்கா மட்டும் பின்கட்டுக்குப் போவதை விட்டுவிட்டாள். துணி உலர்த்தக்கூட முன்வாசலில்தான் கொடி கட்டினாள். சலவைக்கூடத்திலிருந்து கிழிந்த போர்வைகளைக் கொண்டுவந்து கொடுப்பேன், ஒட்டுப் போட்டுத் தைப்பாள். தையல் இயந்திரத்தைச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டாள். மகன் பெயரைச் சொல்ல மாட்டாள், யாராவது சொன்னால் எழுந்து போய்விடுவாள். அத்தான் கொல்லையில், அக்கா சுவரோரம், நடுவில் நான் என்று வருடங்கள் போயின. என் பிரார்த்தனையில் இருவருக்கும் தனித்தனியாக இடம் கொடுத்துக் கேட்டுக்கொள்வேன். மீன்களுக்காகவும் கேட்பேன். இதையெல்லாம் போய்க் கடவுளிடம் கேட்கலாமா என்று கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். அவர் படைத்ததுதானே என்று கேட்டுவிடுவேன்.

போன வருடம் அத்தான் பாய்லர் அறைப் படியில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. குஞ்சு பிரிக்கிற சமயம் அது. கம்பி வைத்துக் கட்டினார்கள். நடுவில் புண் ஆறாமல் சீழ் பிடித்துவிட்டது. குளிர் முழுவதும் அவரை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார்கள்.

விழுந்த மறுநாள் அவர் என்னைக் கூப்பிட்டு மீனைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து பின்கட்டுக் கதவைத் திறக்கப் போனால், கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. அக்கா குட்டை ஓரத்தில் குந்தியிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்காமலே, இதுக்கு எவ்வளவு தீனி போடணும் என்று கேட்டாள்.

அதன்பிறகு என்னை அவள் கிட்டவே விடவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, என்னையும் ஒரு பக்கம் வலை பிடிக்கச் சொல்லி, குட்டையில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் மீன்களை எல்லாம் அவளே உள்ளே எடுத்தாள். தையல் இயந்திரத்தைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டாள். தைத்துக்கொண்டே தொட்டியைப் பார்த்துப் பேசுவாள். “ஏய், பெரிய வயித்துக்காரி, அவளுக்கும் கொஞ்சம் விடேன்” என்பாள். ஒரு நாள் சாப்பிடும்போது தானாகவே, “நத்தை இதுங்களுக்குச் சோத்துப் பருக்கையைப் போட்டுட்டு அப்பாகிட்ட திட்டு வாங்கினான், ஞாபகம் இருக்கா?” என்றாள். அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்து எத்தனை காலம்! நான் தலையை நிமிர்த்தாமல் ஆமாம் என்று மட்டும் சொன்னேன். நிமிர்ந்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம். அன்று படுக்கும்முன் நன்றி சொல்லிக் கும்பிட்டேன்.

ஆனால் குஞ்சு பிரித்தே ஆக வேண்டும் என்பது அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது, அவர் அதை எதற்குச் செய்கிறார் என்று நான் கேட்டதே இல்லை. அத்தான் வலியில் கிடந்ததால் அதைச் சொல்லவில்லை. கடைசிக் குஞ்சுகளைத் தாய்மீன்கள் தின்றுவிட்டன. குளிர் ஏற ஏற, வழக்கம்போல ஆண்கள் ஒவ்வொன்றாக மேலே மிதந்தன. அக்கா ஒவ்வொன்றையும் ஒரு காகிதத்தில் எடுத்துப்போய்க் கொல்லையில் புதைத்தாள். கடைசி ஆண் மீனும் போனபோது, இரண்டு தொட்டியிலும் பெண்கள் மட்டும் அடியில் அசையாமல் நின்றன.

ஆஸ்பத்திரியில் அத்தான் தவறாமல் கேட்பார். அவர் படுக்கை சன்னலோரம். நாங்கள் போனதும் முதல் பேச்சு அதுதான்.

“எப்படி இருக்குதுங்க?”

“நல்லா இருக்குங்க” என்றாள் அக்கா.

“ஆண் இருக்கா?”

“இருக்கே. துள்ளிக்கிட்டு இருக்கு. நீங்க முதல்ல கஞ்சியக் குடிங்க.”

வெளியே வந்ததும் வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த மனுஷன் இருக்கிற இருப்பில் இதைச் சொன்னால் தாங்கமாட்டார், நீயும் வாயைத் திறக்காதே என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. காய்ச்சல் வேறு விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது அவருக்கு.

வழியில் அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். ஆண் இல்லாமல் குட்டி ஏது? இந்தப் பெண்களும் கிழடாகிச் செத்தால் அதோடு முடிந்தது. அத்தான் வீட்டுக்கு வருமுன் எப்படியாவது ஆண் தேடிப் போட வேண்டும்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மீன் கடை ஒன்று இருந்தது. ஒரு பெண் மீனைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு அக்கா பேருந்தில் வந்தாள். கடைக்காரர் புட்டியைத் தூக்கி விளக்கில் பார்த்து, இது கப்பிதான், இதே சாதி ஆண் என்னிடம் எவ்வளவோ இருக்கிறது என்று சொல்லி, நீலமும் சிவப்புமாகத் தாவணி விரித்ததுபோல வால் இருக்கிற மீன்களைக் காட்டினார். அக்கா ஒவ்வொன்றாக வேண்டாம் என்றாள். இன்னும் மங்கலாகக் காட்டச் சொன்னாள்.

“எல்லாரும் பளிச்சுன்னு கேப்பாங்க. நீங்க என்னம்மா, வெளுத்துப்போனதா கேக்கறீங்க?” என்றார் அவர்.

“எங்க வீட்டுல எல்லாம் அப்படித்தாங்க. பகட்டு ஆகாது.”

கடைசியில், விலை போகாமல் ஒதுக்கி வைத்திருந்த ஒரு தொட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். அதில் ரொம்ப நேரம் தேடினாள். கருப்புப் புள்ளி இருக்கிறதா, வாலில் மஞ்சள் தெரிகிறதா என்று மூக்கைக் கண்ணாடியில் ஒட்டவைத்துப் பார்த்தாள். மூன்று ஆண் மீன்களைத் தேர்ந்தாள். பெண் பார்க்கப் போனால்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டாள். திரும்பும்போது பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். “அவருக்கு வித்தியாசமே தெரியாது பாரு” என்றாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

குளிர் குறையத் தொடங்கியபோது அத்தானை வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு கக்கத்திலும் கட்டை ஊன்றி வந்தவர் கட்டிலுக்குப் போகவில்லை. நேரே சன்னலோரம் போனார். அக்கா பின்னாலேயே நின்றாள். வெயில் தொட்டிக்குள் சாய்வாக விழுந்திருந்தது. அந்த மூன்று ஆண்களும் இரண்டு தொட்டியிலுமாகப் பெண்களைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன.

நான் அவர் முகம் தெரிகிற இடத்தில் நின்றேன். முதலில் அவர் கண்கள் ஒரு மீனைத் தொடர்ந்தன. பிறகு இன்னொன்றை. பிறகு வேகமாக இரண்டாம் தொட்டிக்குப் போய்த் திரும்பின. ஊன்றிய கட்டை ஒரு பக்கம் சாய்ந்தது. நிற்க முடியாமல் சாய்கிறார் என்று நினைத்து அக்கா தோளைக் கொடுத்தாள்.

“எப்படிப் பாத்துக்கிட்டேன் பாத்தீங்களா?” என்றாள்.

அத்தான் அவளைத் திரும்பிப் பார்த்தார். பின்பக்கக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தார். சன்னல் பக்கம் திரும்பியிருக்கிற தையல் இயந்திரத்தைப் பார்த்தார். “நல்லாப் பாத்துக்கிட்டிருக்கே” என்றார். “உக்கார வெச்சு விடு, கால் வலிக்குது.”

அவர் வேலைக்குத் திரும்பிய பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. உட்கார்ந்து பார்க்கிற வேலை என்பதால் அவரையே பாய்லருக்குத் திரும்ப வைத்துக்கொண்டார்கள். அவருக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்துவிட்டு, ஆண்கள் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் என்றேன். அவர் கோபமாக இல்லை. கண்ணாடிக் குழலைப் பார்த்தபடியே பேசினார். மச்சினியிடம் பேசுகிற பேச்சு இல்லை என்பதால் என் பக்கம் திரும்பவே இல்லை.

“பொண்ணு மீன் ஒரு தடவை சேர்ந்தாப் போதும்மா. ஆணோட வித்தை உள்ளே பத்திரமா வெச்சுக்கும். ஆண் செத்துப் பல மாசம் ஆனாலும், வெயில் வந்ததும் அதை வெச்சே குட்டி போடும். ஒரு தடவை இல்ல, திரும்பத் திரும்பப் போடும். நத்தைதான் சொன்னான்.”

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அந்தப் பெண்களின் வயிற்றில் எல்லாம் இருந்திருக்கிறது. ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்திருந்தால் போதும். வெயில் வந்ததும் அதே மீன், அதே மஞ்சள் ஓரத்தோடு பிறந்திருக்கும்.

“இப்பவும் அது உள்ளேதானே இருக்கும், அத்தான்?”

“புது ஆண் வந்துட்டா அதோடதுதான் முந்திக்கும். ஒண்ணு ரெண்டு பழசு வரலாம். எது எதுன்னு எப்படிச் சொல்றது? பாக்கப் பழசு மாதிரி இருந்தாலும் உள்ளே வேற கலந்திருக்கும்.”

அந்த ஆண்களை உடனே எடுத்துவிடலாமே என்றேன். எடுத்தால் உன் அக்கா ஏன் என்று கேட்பாள் என்றார். சொன்னால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அவள் இரண்டாம் முறை பிள்ளையைப் பறிகொடுத்ததாக ஆகும். அதுவும் தன் கையாலேயே. இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் கதவைத் திறந்து வெளியே வந்திருக்கிறாள். “நீ அவகிட்ட சொல்லாத” என்றார். அன்று அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

ஆனாலும் அவரால் அப்படியே விட முடியவில்லை. பெண்களில் ஒன்று, அக்கா பெரிய வயிற்றுக்காரி என்பாளே, அது அவர் வந்த நாளிலேயே நிறைந்த வயிறாக இருந்தது. இது புது ஆண் வருமுன்னரே கருக்கொண்டதாக இருக்குமோ என்று அவருக்கு ஒரு நப்பாசை. அதைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டுச் சலவைக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். சலவைச் சோடா மூட்டை அடுக்கும் கிடங்கறையில், யாரும் உபயோகிக்காத பழைய கல் தொட்டி ஒன்று உண்டு. வெயில் படாத குளிர்ந்த மூலை. அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிப் பாசி போட்டு அதில் விட்டார். பெரிய வயிற்றுக்காரி எங்கே என்று அக்கா கேட்டதற்குச் செத்துவிட்டது என்று சொல்லிவிட்டார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அப்போதுதான். அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அது குட்டி போட்டது. தாயை உடனே எடுத்துவிட்டு, அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துளித் துளியாகப் போட்டுக் குஞ்சுகளை வளர்த்தார். சாப்பாட்டு நேரம் முழுவதும் அங்கேதான். காலை இழுத்துக்கொண்டு போய், கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துவிடுவார். நானும் போய் நிற்பேன். சின்ன ஆண்களுக்கு நிறம் ஏறுகிற பருவம் வந்தது. அந்த வாரங்களில் நான் கேட்டுக்கொண்டது போல ஆண்டவனிடம் வேறு எதையும் கேட்டதில்லை. ஒரே ஒரு மீன், சாமி, ஒரே ஒரு ஆண் மீன் போதும்.

முதலில் நிறம் ஏறியது ஒன்றுக்கு. கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தார். வால் முழுக்கச் செம்மஞ்சள் பரவியிருந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததில் நீலம் கலந்திருந்தது. ஒவ்வொன்றாக எல்லாமே நிறம் காட்டி முடித்தன. பார்ப்பதற்கு அழகான மீன்கள், பொய் சொல்லக் கூடாது. அத்தான் விளக்கை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். வயதான மனிதர் அழுவதை நின்று பார்க்கக் கூடாது என்று நான் கதவுப் பக்கம் திரும்பினேன்.

கதவில் அக்கா நின்றிருந்தாள்.

தைத்து முடித்த போர்வைகளைக் கொடுக்க வந்தவள். நாங்கள் இங்கே இருப்பதாக யாரோ காட்டியிருக்கிறார்கள். மூட்டையைக் கீழே வைத்தாள். கல் தொட்டியைப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு வாளியில், தாய்மீன் தனியாக நின்றிருந்தது. உடம்பில் எங்கே ஒரு சொறி, எந்தச் செதில் மங்கல் என்று அவளுக்கு அத்துப்படி. குனிந்து அதைப் பார்த்தாள்.

“இது செத்துடுச்சுன்னீங்களே.”

அத்தான் எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஒரு பொய்யோடு அவர் சரக்கு தீர்ந்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் சொன்னார். வித்து உள்ளே இருக்கிறதையும், புது ஆண் வந்தால் என்ன ஆகும் என்பதையும், இந்தக் குஞ்சுகளையும் சொன்னார். அவள் மேல் ஒரு வார்த்தை குற்றம் வராதபடி பார்த்துப் பார்த்துச் சொன்னார். அதுதான் கேட்க முடியவில்லை. அக்கா சுவரில் சாய்ந்து, கேட்டுக்கொண்டே வந்தாள்.

“நான் ஒண்ணுமே பண்ணாம இருந்திருந்தா?”

அத்தான் கைவிளக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“சொல்லுங்க. ஒண்ணுமே பண்ணாம இருந்திருந்தா, இருந்திருக்குமா?”

“இருந்திருக்கும்.”

அக்கா தலையை மெல்ல ஆட்டினாள். “வந்த அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கணும் நீங்க. அன்னிக்கே எடுத்துப் போட்டிருப்பேனே.”

“ஆண் செத்துப்போச்சுன்னு நீயும் என்கிட்ட சொல்லலையேம்மா” என்றார் அத்தான். கோபமாக இல்லை. மகனை இழந்த நாளில் எப்படிப் பேசினாரோ அதே குரல்.

பாய்லரின் மணி அடித்தது. அத்தான் கட்டையை ஊன்றி எழுந்து வேலைக்குப் போனார். அக்கா மூட்டையை எடுத்து என் கையில் கொடுத்தாள். எண்ணிப் பார்த்துக்கொள், ஒன்றில் தையல் கோணலாகப் போய்விட்டது என்றாள்.

வீட்டில் தையல் இயந்திரம் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். நத்தையின் பெயரும் நின்றுபோயிற்று. அத்தான் கடை ஆண்களைத் தனியே பிரித்தார். ஆனால் தூக்கிப் போடவில்லை. அவை மூன்றுக்கும் ஒரு சிமெண்ட் தொட்டி கொடுத்தார். அதுங்க என்ன பண்ணும் என்றார். மற்ற பெண்களையும் தனித்தனிப் பாத்திரத்தில் வைத்து, பிறந்த குஞ்சுகளை எல்லாம் நிறம் வரும்வரை வளர்த்துப் பார்த்தார். ஒன்றில் மஞ்சள் ஓரம் வந்ததாக ஒரு காலை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மறு வாரம் அதன் வயிற்றோரமும் சிவந்துவிட்டது. பிறகு அவர் கூப்பிடவில்லை. வெயில் முற்றியதும் கலப்புக் குஞ்சுகளை எல்லாம் வழக்கம்போல் குட்டையில் விட்டார். அதே தீனி, அதே நேரம், அதே கவனிப்பு. பக்கத்து வீட்டுக்காரர் சுவரின் மேலே எட்டிப் பார்த்துவிட்டு, “அட, இப்பத்தானய்யா பாக்கற மாதிரி இருக்கு” என்றார். அத்தான் அவருக்குத் தலையசைத்தார்.

நேற்று மாலை நான் கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பின்கட்டுக் கதவு திறந்த சத்தம் கேட்டது. அக்கா வந்து குட்டையிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றாள். அத்தான் தீனி டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். திரும்பவில்லை, ஆனால் கை நின்றுவிட்டது.

“இதுல அவன் கொண்டாந்தது கொஞ்சமாவது இருக்கா?” என்று கேட்டாள்.

“பாதி இருக்கு” என்றார் அவர். “தாய் அவன் கொண்டாந்ததுதானே.”

“எந்தப் பாதின்னு தெரியாதா?”

“தெரியாதும்மா.”

அக்கா நின்றுகொண்டே இருந்தாள். அத்தான் ஒரு சிட்டிகை தீனியைத் தூவினார். சிவப்பும் நீலமும் செம்மஞ்சளுமாக மீன்கள் மொத்தமும் மேலே வந்து வாயைத் திறந்தன. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். வெளிச்சம் போய், தண்ணீருக்குள் எதுவும் தெரியாமல் ஆகும்வரை பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.